தடை செய்யப்பட்ட குடிப்பெயர்

வீடும் நிலமும் பொன்னும் பொருளும் பிறரால் கவரப்படுதற்கு உரியன. ஆனால், ஒருவனுடைய பெயரை யார் கவர இயலும்? அதிலும், தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் இறங்கி வந்து, ஒரு குடியினர் அனைவர்க்கும் பொதுவாக வழங்கும் பெயரை ஓர் அரசாங்கம் பறிமுதல் செய்யக்கூடும் என்பது நம்புதற்கு அரிதாகத் தோன்றுகின்றது. எனினும், 1603ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் அத்தகைய ஆணை ஒன்று பிறந்தது. 'மக்கிரெகர்' என்னும் பெயரை இனி எவரும் தாங்குதல் கூடாது. தாங்குவோர் உயிரிழப்பர் என்பதே அவ்வாணை. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 1774 வரையில் அத்தடை சட்டத்தில் நிலைத்திருந்தது. அப்பெயரோ இன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் வழங்குகின்றது. அது தோன்றிய வகையையும், மறைந்து வாழ்ந்த வகையையும், மீண்டு பரவிய வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் வாழ்ந்த மக்களின் தாய்மொழி கேலிக் மொழியாகும். அம்மொழியில் 'மக்' என்பது மகனைக் குறிக்கும் சொல். ஆகவே, மக்கிரெகர் என்பதற்குக் கிரெகரின் மகன் என்பது பொருள். 'மக்' என்பதைக் கேட்டவுடன் நம் 'மகன்' மாணவர்களின் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும், ஒலி ஒத்திருத்தல் ஒன்றையே கொண்டு உறவு கொண்டாடுதல் மொழிநூலுக்கு உடன்பாடன்று. அயர்லாந்தில் கற்களின் விளிம்பில் கோடுகோடாக வெட்டப்பட்டுள்ள ஓகம் எழுத்துக்களில் இச்சொல்லின் பழைய வடிவம் 'மக்வி' என்பதுபோல் காணப்படுகின்றது. இதற்கு இனமான வேல்சு மொழியிலோ மகன் என்பதற்குரிய சொல் 'மாப்' என்பதாகும். பழைய 'க்வ' ஒலி ஓரிடத்தில் ககரமாகவும் ஓரிடத்தில் பகரமாகவும் திரிந்தது. நம் சொல்லின் வரலாறு வேறு. அவர்கள் சொல்லின் வரலாறு வேறு.

தொடக்கத்தில் இத்தகைய பெயர்கள் தலைமுறைதோறும் மாறின. டங்கனின் மகன் மக்டங்கன். அவன் மகனுக்கோ வேறு பெயர். பின்னர்ப் புகழ் பெற்ற முன்னோன் ஒருவனுடைய பெயரே அவன் வழித்தோன்றல்கள் அனைவர்க்கும் நிலைத்தது. அயர்லாந்தில் பேரன் என்னும் பொருளுடைய 'ஓ' என்பதைச் சேர்த்தும் குடிப்பெயர் வழங்கினர். பெண்மக்கள் கேலிக் மொழியில் 'மக்' என்று தம்மைக் குறித்துக்கொள்வதில்லை, 'நிக்' என்பர். கிரெகர் குடியில் பிறந்த பெண், 'நிக்கிரெகர்' ஆவாள். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய பின்னர் இவ்வேறுபாடு மறைந்தது.

கிரெகர் என்பது கேலிக் சொல்லன்று. கிரேக்க மொழியில் விழிப்புடையோன் என்று பொருள்படும் கிரெகோரியஸ் என்னும் பெயர், கிறித்தவத் திருச்சபையின் வழியாக ஐரோப்பா எங்கும் பரவி, மலைநாட்டில் கிரெகர் என வழங்கலாயிற்று. இக்குடியினர் தம்மை அரச மரபினர் என்று கூறிக்கொண்டனர். ஆனால், ஐயமின்றி அறியப்படும் பழைய தலைவர்கள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவன் 1390இல் இறந்த, 'ஒற்றைக் கண்ணன்' எனப்பட்ட இயன் என்பவன்.

கிளென் என்றால் கேலிக் மொழியில் பள்ளத்தாக்கு. ஆர்கைல், பெர்த் ஆகிய பகுதிகளில் உள்ள கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே, கிளென் லயன் முதலிய பள்ளத்தாக்குகள் மக்கிரெகர்களின் வாழிடங்கள். அங்கே அவர்கள் மாடு வளர்த்து, மலைச்சரிவுகளில் மேய்த்து வாழ்ந்தனர். வாள் வலிமையும் வழிவழி வந்த குடியிருப்புமே அவர்களுடைய நிலவுரிமைக்குச் சான்று. அவர்களை அடுத்து வாழ்ந்த கேம்பெல் குடியினரோ அரசவையில் செல்வாக்குப் பெற்று, மன்னரின் முத்திரையிட்ட பட்டயங்களைக் கையில் வைத்திருந்தனர். வழிவழியாக உழுத நிலமாயினும், பட்டயம் இல்லாதவன் வழக்கு மன்றத்தில் அயலானே. மக்கிரெகர்களின் துன்பங்களுக்கெல்லாம் வேர் இதுவே என்று கூறலாம். அவர்கள் தம் சொந்தப் பள்ளத்தாக்கில் குத்தகைக் குடிகளாயினர். பிறகு குத்தகையும் இழந்தனர்.

இவர்களை மாடு கவரும் முரடர்கள் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அக்காலத்து மலைநாட்டுக் குடிகள் பலவும் மாடு கவர்ந்தன, இவர்களும் கவர்ந்தனர், கொலையும் செய்தனர். அதே குடியில் தோன்றிய ஜேம்ஸ் மக்கிரெகர் என்பவர் லிஸ்மோர் என்னும் திருச்சபையின் தலைமைக் குருவாக விளங்கினார். அவர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தம் தம்பி டங்கனின் துணையோடு, கேலிக் பாடல்களைத் திரட்டி ஏட்டில் எழுதி வைத்தார். அவ்வேடு இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளது. அது இல்லையேல் அழிந்திருக்கக்கூடிய பாடல்கள் பல.

1570ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், மக்கிரெகர்களின் தலைவனாகிய செந்தலைக் கிரெகரைக் கேம்பெல் குடித் தலைவர்களுள் ஒருவர் சிரச்சேதம் செய்வித்தார். கிரெகரின் மனைவி மேரியன் யார்? அவளும் ஒரு கேம்பெல் குடிப்பெண்ணே. தன் பிறந்த குடியினர் தன் கணவனைக் கொன்ற துயரத்தை, மடியிற் கிடந்த குழந்தைக்குத் தாலாட்டாக அவள் பாடினாள் என்பர். அப்பாடலை மலைநாட்டினர் இன்றும் பாடுகின்றனர். தாலாட்டும் ஒப்பாரியும் ஒன்றாகக் கலந்த பாட்டு அது.

பகை முற்றி 1603இல் வெடித்தது. அவ்வாண்டு பெப்ரவரி 7ஆம் நாள் கிளென் ஃப்ரூன் என்னும் பள்ளத்தாக்கில், அலஸ்டேர் மக்கிரெகரின் தலைமையில் வந்தோர் ககூன் குடியினரைத் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். ஆடு மாடுகளை ஓட்டிச் சென்றனர். ககூன்கள் மன்னரின் ஆணை பெற்றுப் படை திரட்டியவர்கள். ஆதலின், அவர்களைத் தாக்கியது மன்னரையே தாக்கியதாகக் கருதப்பட்டது.

அச்சமயம் இங்கிலாந்தின் அரசியார் எலிசபெத்து காலமாக, ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு அந்நாட்டு முடியும் உரியதாயிற்று. புதிய அரியணையை நாடி அவர் ஏப்ரல் 5ஆம் நாள் எடின்பரோவை விட்டுப் புறப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னர், ஏப்ரல் 3ஆம் நாள், மன்னரின் ஆலோசனைச் சபை மக்கிரெகர் என்னும் பெயரை அடியோடு ஒழித்தது. அப்பெயருடையோர் அனைவரும் வேறு பெயர் பூணுதல் வேண்டும். மறுப்போர்க்கு மரண தண்டனை. போரில் வாள் எடுத்தவனுக்கும், அதனைக் காணவும் இல்லாத முதியோனுக்கும், தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் ஒரே ஆணைதான். ஒருவன் செய்த குற்றத்திற்காக அவனைத் தண்டிப்பது நீதி. ஒரு பெயரைக் குற்றமாக்கி அதனை உடையாரையெல்லாம் தண்டிப்பதை எந்த நீதியில் சேர்ப்பது?

தலைவன் அலஸ்டேரின் முடிவு வஞ்சனையால் நேர்ந்தது. அவனை ஆங்கிலேய மண்ணில் பாதுகாப்பாகக் கொண்டு சேர்ப்பதாக ஆர்கைல் பிரபு வாக்களித்தார். அவ்வாறே எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார், வாக்கு நிறைவேறியது! உடனே அவனைத் திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டு வந்தனர். 1604 ஜனவரி 20ஆம் நாள் அவனும் அவன் கூட்டத்தார் சிலரும் நகரின் நடுவே தூக்கிலிடப்பட்டனர். தலைவன் என்பதற்காக, மற்றவர்களைவிட ஓர் ஆள் உயரம் மேலே அவனைத் தொங்கவிட்டனர் என்று கூறப்படுகின்றது.

அதன் பின்னர் ஆணைமேல் ஆணை வந்தது. முன்பு அப்பெயர் தாங்கியோர், இறைச்சி அறுக்கும் முனையில்லாக் கத்தி தவிர வேறு ஆயுதம் வைத்திருத்தல் கூடாது. நால்வர்க்கு மேல் ஓரிடத்தில் கூடுதல் கூடாது. எல்லாவற்றினும் கொடியது மற்றொன்று. ஒரு மக்கிரெகர் தன் குடியைச் சேர்ந்த, தன் தகுதிக்கு ஒத்த மற்றொருவனது தலையைக் கொண்டுவந்து கொடுத்தால், அவன் குற்றம் மன்னிக்கப்படும்! 1633இல் பாராளுமன்றம் தடையை மேலும் இறுக்கிற்று. குருமார் குழந்தைகட்கு அப்பெயரிட்டு ஞானஸ்நானம் செய்வித்தலும், பத்திரம் எழுதுவோர் அப்பெயரில் பத்திரம் எழுதுதலும் குற்றமாயின. காட்டிலும் மலைமுழையிலும் ஒளிந்து திரிந்த இவர்களுக்கு 'மூடுபனியின் மக்கள்' என்னும் பெயர் ஏற்பட்டது.

மற்றையோர் என் செய்தனர்? அண்டை அயலாரின் பெயர்களைப் பூண்டனர். டிரம்மண்டு, மரே, கிரகாம், ஸ்டூவர்ட், கிராண்ட் என அவரவர் வாழ்ந்த நிலத்தின் தலைவருடைய பெயர் அவரவர் பெயராயிற்று. தம் பகைவராகிய கேம்பெல்களின் பெயரையே பூண்டு வாழ்ந்தோரும் உண்டு. பத்திரத்தில் ஒரு பெயர், அடுப்பங்கரையில் ஒரு பெயர் என்று அவர்கள் வாழ்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல், ஆறேழு தலைமுறைகட்குப் பின்னரும் தாம் இன்னார் என்பதை அறிந்திருக்க வழியில்லை.

உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று போரிட்டமைக்காக, இரண்டாம் சார்லஸ் 1661இல் தடையை நீக்கினார். மக்கள் பழைய பெயரை எடுத்துக்கொண்டனர். 1693இல் வில்லியம் மன்னர் ஆட்சியில் தடை மீண்டும் வந்தது. அப்போது இருபத்திரண்டு வயதினனாய் இருந்தவன் ராப் ராய் மக்கிரெகர். 'ராய்' என்பது செந்நிறத்தைக் குறிக்கும் கேலிக் சொல்லின் திரிபு. அவன் தலைமயிர் செந்நிறமானது. மாட்டு வாணிகம் செய்து, கடன்பட்டு, பிரபு ஒருவருடன் பகைத்து, சட்டத்திற்குப் புறம்பானவனாகத் திரிந்து, 1734இல் தன் வீட்டில் இயற்கை மரணம் அடைந்தான். அவன் தாய் கேம்பெல் குடியினள். ஆதலால் கேம்பெல் என்றே கையெழுத்திட்டான். எனினும், அவனைக் கேம்பெல் என்று இன்று யார் அறிவார்? 1817இன் இறுதியில் வால்டர் ஸ்காட் வெளியிட்ட நாவல் அவனுடைய பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

1774இல் தடைச் சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது. அக்குடியினர் 826 பேர் ஒன்றுகூடி ஒருவரைத் தம் தலைவராக ஏற்று ஒப்பமிட்டனர். அத்தலைவரின் பெயரே அப்போது மக்கிரெகர் அன்று. ஜான் மரே என்பது அவர் பெயர்! அவர் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கும்பினியில் அலுவல் பார்த்தவர். அவருடைய மகன் ஈவன், 1818இல் காந்தேசத்தில் உள்ள தால்நேர் கோட்டையைப் பிடிக்கும் போரில் படுகாயமுற்றுப் பிழைத்தவர். அவர் 1822இல் அரசரின் அனுமதி பெற்று மக்கிரெகர் என்னும் பெயரை மீண்டும் பூண்டார். அதே ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் முடியையும் செங்கோலையும் காத்துச் செல்லும் உரிமை மக்கிரெகர் குடியினர்க்கு அளிக்கப்பட்டது. ஈவன் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் ஆளுநராயிருந்து, பார்படோசில் 1841இல் காலமானார்.

பெயர் மீண்ட காலமும், மலைநாட்டு மக்கள் வறுமையாலும் நிலவுடைமையாளரின் நெருக்குதலாலும் கப்பலேறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, மீண்ட பெயர் கடல் கடந்து விரைவாகப் பரவியது. பரவியவர் அனைவரும் பெயருக்குப் பெருமை தேடினர் என்பதற்கில்லை. கிரெகர் மக்கிரெகர் என்பவன் தென் அமெரிக்கா சென்று, பொலிவாரின் விடுதலைப் படையில் தளபதியாகி வீரப்புகழ் பெற்றான். பிறகு லண்டன் திரும்பி, 'போயாய்ஸ்' என்னும் வளநாட்டின் அதிபதி தான் என்று கூறி, அங்கில்லாத நகரத்தின் நிலங்களை விற்றான். அதனை நம்பி 1822இலும் 1823இலும் இரு கப்பல்களில் சென்றோர் மத்திய அமெரிக்கக் கரையில் காட்டையும் காய்ச்சலையுமே கண்டனர், பெரும்பாலோர் மாண்டனர். மாண்டவர்களுள் அவன் நாட்டவரே மிகுதி. அவனோ 1845இல் கரகாஸ் நகரில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டான்.

இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை பலவாகும். 'மக்' என்பதை முழுதும் எழுதுவோர் ஸ்காட்லாந்தினர், குறுக்கி எழுதுவோர் அயர்லாந்தினர் என்பது ஆதாரமற்ற கூற்று; குறுக்கம் வெறும் குறுக்கமே. கிரெகர், கிரெக், கிரெகரி முதலிய பெயருடையோர் அனைவரும் இக்குடியினரே என்பதும் பிழை. கிரெகோரியஸ் என்னும் மூலப்பெயர் ஐரோப்பாவுக்கெல்லாம் பொது அன்றோ? இன்றைய அறிவியல் இதற்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது. குடிப்பெயரைப் போலவே ஆண்வழி மரபுக்கூறும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது. அதனை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல நாடுகளில் வாழும் மக்கிரெகர்கள் பலர் ஒற்றைக் கண்ணன் இயனின் வழியினரோடு ஒத்திருக்கக் கண்டனர். வேறு குடிப்பெயர் தாங்கிய சிலரும் அவ்வாறே ஒத்தனர். தடைக் காலத்தில் பூண்ட பெயரைக் களையாமலே விட்டவர்களின் வழித்தோன்றல்களாக அவர்கள் இருத்தல் கூடும்.

பெர்த் பகுதியில் 1759இல் ஒரு குழந்தை பிறந்தது. தடைச் சட்டம் இருந்தமையால் அக்குடும்பத்தின் பெயர் டிரம்மண்டு. சட்டம் நீங்கியதும் அவர்கள் மக்கிரெகர் ஆயினர். அவ்விளைஞர் கல்வி கற்றுக் குருவாகி, 1786இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று, பிக்டோ என்னும் ஊரில் குடியேறிய மலைநாட்டார்க்குக் கேலிக் மொழியில் அருளுரை கூறினார். அம்மொழியில் பாடல்களும் இயற்றினார். அந்நாட்டில் அப்போது கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். அவர்களுள் ஒரு பெண்ணைத் தம் வீட்டில் வைத்திருந்தவர் மற்றொரு குருவே. அதனைக் கண்டித்து 1788இல் அவர் கடிதம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அடிமைகளை மீட்பதற்குத் தம் சிறிய ஊதியத்திலிருந்தும் பணம் கொடுத்தார். வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஜேம்ஸ் டிரம்மண்டு மக்கிரெகர் என்று காணப்படுகின்றது.