வளர்ப்பு நாயும் சிற்றுயிர்களும் – இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி முதலிய காவிரிப் பாசன ஊர்களில் வாழும் நம் சைனக் குடும்பங்கள் சிலவற்றில் நாய் வளர்க்கப்படுகிறது. நெற்களத்திற்கும் வைக்கோற்போருக்கும் காவல் தேவைப்படுகிறது. அதே வீட்டில் எங்கிருந்தோ வந்த பூனையொன்றும் ஒண்டிக்கொள்கிறது. முற்றத்தில் அணிலும் சிட்டுக்குருவியும், கொல்லையில் கீரியும் ஓணானும், வரப்பில் கொக்கும் மடையானும் கானாங்கோழியும் நம்மை அண்டி வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றை நாய் கவ்விக் கொன்றுவிட்டால், “அது நாயின் குணம், நாம் என்ன செய்வது?” என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அவ்விடை நமக்குப் பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பொறுப்பு யாருடையது?

தீவினை மூவகையால் வந்து சேரும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. அணிலைக் கண்டதும் பிள்ளைகள் “சூ, பிடி” என்று நாயை ஏவுகிறார்கள். இது செய்வித்தல். நாய் பூனையை மதிலேற்றி விரட்டும்போது திண்ணையிலிருந்து பார்த்துச் சிரிக்கிறோம். இது உடன்படுதல். நாயை அவிழ்த்துவிட்டு அது எங்கே போயிற்று என்று நினையாதிருக்கிறோம். இது கவனமின்மை. சாவக விரதங்களுள் ஒன்றாகிய அநர்த்த தண்ட விரதி, பயனின்றி வரும் இத்தகைய தீங்கையே விலக்குகிறது. கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் பிராகிருத நூல், பூனை முதலிய கொல்லும் பிராணிகளை வளர்ப்பதையும் அநர்த்த தண்டத்துள் வைத்து எண்ணுகிறது.

அப்படியானால் வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிடலாமா? விடலாகாது. சோறிட்ட கையை நம்பிய உயிரைக் கைவிடுவதும் இம்சையே. தெருவில் விடப்பட்ட நாய் முன்னினும் மிகுதியாக வேட்டையாடும். ஆகவே, நாய் வளர்க்க எண்ணுவோர் முன்கூட்டியே நன்கு சிந்திக்க வேண்டும். வளர்ப்போர் அதனைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். நமக்குள்ள வழி இதுவே.

2. இயல்பை அறிதல்

மாணவனைத் திருத்துமுன் அவன் இயல்பை அறிய வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. நாய்க்கும் அது பொருந்தும்.

நாயின் வேட்டைச் செயல் பல படிகள் கொண்டது. உற்றுநோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், தின்னுதல் என்று அது வரிசையாக நிகழும். மனிதன் தன் தேவைக்கேற்ப இப்படிகளுள் சிலவற்றை வளர்த்தும் சிலவற்றைக் குறைத்தும் நாயினங்களைப் பெருக்கினான். மந்தை காக்கும் நாய்கள் சில, துரத்தி மடக்குவதோடு நின்றுவிடும். நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் ஆகிய இனங்களோ வேட்டைக்கென்றே பேணப்பட்டவை. இராசபாளையம் நாயின் உருவத்தை 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை தபால்தலையாகவும் வெளியிட்டது. அழகும் பெருமையும் கருதி இவற்றை வாங்குவோர், ஓடும் சிற்றுயிரைக் கண்டவுடன் பாய்வது இவற்றின் பிறவிக்குணம் என்பதை மறக்கலாகாது.

“எங்கள் நாய்க்குத் தயிர்ச்சோறுதான் போடுகிறோம். அது யாரையும் கொல்லாது” என்று நம்மவர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது தவறான நம்பிக்கை. துரத்தும் வேட்கை பசியால் மட்டும் எழுவதன்று. வயிறு நிறைந்த நாயும் துரத்தும். கொன்றதைத் தின்னாமலே விட்டுச் செல்லும். சோறுண்டு வாழ நாயால் இயலும் என்பது உண்மையே. ஓநாயைவிட நாய்க்கு மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. ஆயினும் வெறுஞ்சோறு போதாது. புரதம் முதலிய சத்துகள் குறையாதிருக்கக் கால்நடை மருத்துவரைக் கேட்டு உணவமைக்க வேண்டும். பூனையின் நிலை வேறு. டாரின் முதலிய சில சத்துகளைப் பூனை புலாலிலிருந்தே இயற்கையாகப் பெறுகிறது. அதனால் விரும்பிப் பூனை வளர்ப்பது நம் வீடுகளுக்கு ஏற்றதன்று. தானாக வந்த பூனையைக் காப்பது வேறு பொருள்.

3. பழக்கும் முறை

நாய்க்குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலம் உறவறியும் பருவம். அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், புல்லர் இருவரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினர். அப்பருவத்தில் பூனையோடும் கோழியோடும் கன்றோடும் அமைதியாகப் பழகிய குட்டி, பின்னாளில் அவற்றைப் பெரும்பாலும் தன் கூட்டமாகவே கருதும். எனினும் வீட்டுப்பூனையோடு உறங்கும் நாய், அயல்பூனையைத் துரத்துவதுண்டு.

வளர்ந்த நாயைப் பூனையோடு பழக்க விரும்புவோர் கீழ்வரும் முறையைக் கைக்கொள்க:

அ. முதற்சில நாட்கள் இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்து, ஒன்று படுத்த சாக்கை மற்றொன்றின் அருகே இடுக. மணம் பழகட்டும்.

ஆ. அடுத்து, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தொலைவில் பூனை தெரியுமாறு சிறிது நேரம் நிற்க. நாய் பூனையை விட்டு நம்மை நோக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுக்க. நாள்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்க.

இ. உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமையாது நோக்கினால் பாயப்போகிறது என்று பொருள். உடனே திருப்பி அழைத்துச் செல்க.

ஈ. அடிக்கலாகாது. பூனையைக் காணும்போதெல்லாம் அடிபட்ட நாய், பூனையே தன் துன்பத்துக்குக் காரணம் என்று கொண்டு பகை முற்றும்.

உ. “வா”, “விடு” என்னும் இரு சொற்களை நாள்தோறும் பழக்குக. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்க வேண்டும்.

ஊ. பூனை ஏறி ஒதுங்கப் பரணோ உயர்ந்த பலகையோ எப்போதும் இருக்கட்டும். அதன் உணவும் அங்கேயே இருக்கட்டும்.

எ. எவ்வளவு பழகினும், வீட்டில் ஆளில்லாதபோது இரண்டையும் பிரித்தே வைக்க.

துரத்தும் ஓட்டமே நாய்க்குப் பரிசு என்பதை நினைவில் கொள்க. ஒருமுறை துரத்த விட்டால் பத்துநாள் பாடம் வீணாகும். கருத்தடை செய்வதால் ஊர்சுற்றல் குறையலாம். வேட்டை வேட்கை மாறாது. சில நாய்களுக்கு இப்பயிற்சி முழுப்பயன் தராது. அவற்றைக் கயிறும் வேலியும் கொண்டே காக்க வேண்டும்.

4. வயலிலும் ஏரிக்கரையிலும்

குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் வளையிழந்த எலிகளும் கூடிழந்த பறவைக்குஞ்சுகளும் வயலில் அலையும். அந்நாட்களில் நாயை வயலுக்கு அழைத்துச் செல்லாதிருப்பது நன்று. ஆட்டுக்கிடையோ வாத்துக்கூட்டமோ வந்து தங்கியிருந்தால், நாயைக் கட்டிவைப்பது அயலார்க்கு நாம் செய்யும் மரியாதையுமாகும்.

1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வடுவூர் ஏரிக்கும், 1967இல் அமைந்த கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்கும் செல்வோர் நாயை உடன் கொண்டுபோகலாகாது. கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான்கள் கன்றுகளோடு மேய்கின்றன. நாயை விட்டு வனவிலங்கைத் துரத்துவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே. வேடிக்கைக்காக ஒரு பிராணியை மற்றொன்றின்மேல் ஏவுவதை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. நம் ஆகமம் சொன்னதையே நாட்டின் சட்டமும் சொல்கிறது.

5. காயம் நேர்ந்தால்

நாய் கவ்விய பூனைக்கோ பறவைக்கோ வெளியே சிறு துளை மட்டும் தெரியும். உள்ளே பெருங்காயம் இருக்கும். “ஒன்றுமில்லை” என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுக. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. விலக்கச் செல்பவர் இடையே கைவிடலாகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்க. நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடுக.

முடிவுரை

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பகவான் மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாயிருந்தபோது, சாரண முனிவர் அறவுரை கேட்டுக் கொலையை விடுத்தார் என்று புராணம் கூறுகிறது. விலங்குயிரும் நல்வழிப்படும் என்பது நம் சமயத்தின் உறுதி. நம் வீட்டு நாய்க்கு முனிவர் வாய்க்கவில்லை, நாமே வாய்த்திருக்கிறோம். அதன் வாயில் ஓர் உயிர் மடியாமல் காப்பது, மடியும் உயிருக்கு மட்டுமன்றி அந்நாய்க்கும் நாம் செய்யும் நன்மையாகும்.

பிள்ளைகள் சிந்திக்க:

1. “சூ” என்று ஏவுவது மூவகைத் தீவினையுள் எது?
2. தயிர்ச்சோறு உண்ணும் நாயும் அணிலைத் துரத்துவது ஏன்?
3. துரத்திய நாயை அடிப்பதால் விளையும் கேடு யாது?
4. உங்கள் வீட்டில் பூனை ஏறி ஒதுங்க இடம் எங்கே உள்ளது? இன்றே பார்த்து எழுதுக.