தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும்



முகாமுக்கோ டூருக்கோ கிளம்பும்போது நாம் போர்வை, சோப்பு, டார்ச் லைட் என்று லிஸ்ட் போடுகிறோம். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "போற எடத்துல இருக்கும்டா" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதற்கு எங்கள் வீடு ஒரு விலை கொடுத்தது. அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

என் அப்பா கட்டட வேலை செய்பவர். நான் முதலாமாண்டு படித்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். "கண்ணாடி மாதிரி இருந்துச்சுடா, காசு போட்டா அடியில தெரியும்" என்றார் பிறகு. ஊர் திரும்புவதற்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்துவிட்டன. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். பன்னிரண்டு நாள் வேலை இல்லை, கூலி இல்லை. என் பரீட்சைப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அம்மா தன் தோட்டை அடகு வைத்துப் பரீட்சைப் பணம் கட்டினார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் எப்படிக் கெடுதல் செய்தது? பதில் நம் சிவில் பாடப் புத்தகத்திலேயே இருந்தது.

கண்ணை நம்பாதே

காலரா கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு டம்ளரில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ருசியும் மாறாது. 1854-ல் லண்டனில் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் காலரா பரவியது. டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்து, அந்தப் பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று காட்டினார். தொலைவில் வேறு பகுதியில் குடியிருந்த ஒரு அம்மாளும் காலராவில் இறந்திருந்தார். காரணம், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வரவழைத்துக் குடித்தாராம்! ருசியும் தெளிவும் சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்பத்தாவின் கொட்டை

எங்கள் அப்பத்தா கலங்கல் தண்ணீர் வந்தால் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார். சிறிது நேரத்தில் மண் எல்லாம் அடியில் தங்கிவிடும். பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுவதும் இதே வேலைக்குத்தான். பொடி மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி இறங்கிவிடுகிறது. ஆகவே அப்பத்தா செய்தது விஞ்ஞானம்தான். ஆனால் அது முதல் படி மட்டுமே. தெளிய வைத்தபின் மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்ல வேண்டும்.

இரண்டாவது படி துணியில் வடிகட்டுவது. பங்களாதேஷ் கிராமங்களில் பழைய சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டச் சொன்னார்கள். காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளியிட்டார்கள். புதுத் துணியைவிட நைந்த பழைய துணியே மேல், அதன் இழை பிரிந்து துவாரம் சிறிதாகிவிடும். இருந்தாலும் பாதி குறைந்தால் போதுமா? போதாது. எனவே மூன்றாவது படி, கிருமியைக் கொல்வது. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. கொதிக்க வைத்தல்

இதுதான் எல்லாவற்றிலும் உறுதியான வழி. சூடு பண்ணினால் போதாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் மலையில் என்றால் மூன்று நிமிடம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால்தான் கூடுதல் நேரம். பிறகு மூடி வைத்தே ஆறவிடுங்கள். சப்பென்று இருக்கிறது என்பவர்கள் சுத்தமான இரண்டு பாத்திரத்தில் டீ மாஸ்டர் மாதிரி ஆற்றிக் குடிக்கலாம்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "சோறாக்கவே வெறகு பத்தல. இதுல தண்ணிய வேற காய்ச்சுறதா?" அந்தக் கேள்விக்குப் பதில்தான் அடுத்த இரண்டு வழிகள்.

2. குளோரின்

மெடிக்கலில் குளோரின் மாத்திரை கிடைக்கும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும், அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள். போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைத்து வடிகட்டச் சொன்னது இதற்காகத்தான்.

முகாமில் ஐம்பது பேருக்கு ஒரே கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எங்கள் சார் கணக்குப் போட வைத்தார். கிணற்றின் விட்டம் 3 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர்.

கொள்ளளவு = 3.14 × 3 × 3 × 4 ÷ 4 = 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர்.

ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 70 கிராம். வகுப்பில் மார்க்குக்காகப் போட்ட கணக்கு, குடிக்கிற தண்ணீருக்கு உதவும் என்று அன்றுதான் தெரிந்தது!

பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும், அதைக் கிணற்றில் கொட்டக்கூடாது. மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். இரவில் போட்டுவிடுவது நல்லது. திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை நம்பாதீர்கள். சுகாதார ஆய்வாளரையோ ஆசிரியரையோ கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மறுநாள் காலை ஒரு பாட்டி, "என்னப்பா, தண்ணி மருந்து வாடை அடிக்குது?" என்றார். பாட்டி, அந்த லேசான வாடைதான் காவல்காரன் என்றோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சம் இருந்தால்தான், பின்னால் சேரும் கிருமியையும் அது கவனிக்கும்.

3. சூரிய ஒளி

செலவே இல்லாத வழி இது. நிறமில்லாத, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மிகாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, மூடி, நல்ல வெயிலில் படுக்க வையுங்கள். ஆறு மணி நேரம் போதும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். மழை என்றால் இந்த வழி உதவாது. எங்கள் வீட்டு ஓட்டின் மேல் இப்போது தினமும் நான்கு பாட்டில் கிடக்கிறது.

மறக்கக்கூடாதவை

இவை எல்லாம் கிருமிக்குத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சில இடங்களில் இருக்கும் ஃபுளோரைடோ, சாயக் கழிவோ, பூச்சிமருந்தோ காய்ச்சினால் போகாது. ஆகவே முதலில் நல்ல இடமாகப் பார்த்து எடுங்கள். திறந்த கிணற்றைவிட ஆழ்துளை அடிபம்பு மேல். ஓடை என்றால் குளிக்கும் இடத்துக்கு மேலே எடுங்கள். முகாம் கழிப்பறை கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

சுத்தம் செய்த தண்ணீருக்குள் டம்ளரோடு கையை விட்டால் செய்ததெல்லாம் வீண். மூடி போட்ட பாத்திரம், நீளக் காம்புள்ள கரண்டி, சோப்பு போட்டுக் கழுவிய கை, மூன்றும் வேண்டும்.

அப்படியும் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலக்கி, அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

போன தைப்பூசத்துக்கு அப்பா மறுபடியும் கிளம்பினார். தடுத்தால் கேட்கிற ஆள் இல்லை. பழைய வேட்டித் துணியும், ஒரு கேனும், ஒரு அட்டை குளோரின் மாத்திரையும் கொடுத்து, எப்படிப் போடுவது என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்கு நான் பாடம் நடத்தியது அன்றுதான். நல்லபடியாகத் திரும்பி வந்தார். கூட வந்தவர்களுக்கும் கலக்கிக் கொடுத்து, "எம்மவன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன் குடுத்தது" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. என் முதல் சம்பளத்தில் அதை மீட்க வேண்டும். நண்பர்களே, உங்கள் வீட்டுத் தோடு அடகுக்குப் போகாமல் இருக்க, அடுத்த முறை பை கட்டும்போது லிஸ்டில் முதல் வரியாகத் தண்ணீரை எழுதுங்கள்.



— மூன்றாமாண்டு, சிவில் பிரிவு