ரெக்கார்டு நோட்டைக் கை மாற்றுங்கள்

வீட்டிலேயே முதல் ஆளாக இன்ஜினியரிங் சேரப் போகும் பெண்ணா நீங்கள்? அரசுப் பள்ளியா? முதல் வேலை இ-சேவை மையம். முதல் பட்டதாரி, சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

கவுன்சலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவுப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங் அன்று சித்தப்பா வருவார். “பொம்பளப் புள்ளைக்கு சிவில், மெக்கானிக்கல் எதுக்கு? கம்ப்யூட்டர் போடு” என்பார். 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த பி.கே. திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். சித்தப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் என்றால் தாராளமாக அதையே போடுங்கள். ஆனால் அந்தப் பிடித்தம் உங்களுடையதாக இருக்கட்டும். ‘நமக்கெங்கே கிடைக்கும்’ என்று ஆசைப்பட்ட கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளாதீர்கள். மேலிருந்து கீழாகத்தான் பார்த்து இடம் ஒதுக்குவார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பெண்கள் ஏமாறும் இடம் வருகிறது: லேப். நாலு பேர் பேட்ச். பையன்கள் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்வார்கள். “உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ ரீடிங் எழுது” என்று நோட்டு உங்களிடம் வரும். கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருக்கும். நாலு வருடம் இப்படியே போனால் நோட்டு அழகாக இருக்கும், கைக்கு ஒயர் பழகியிருக்காது. கடைசி வருட ப்ராஜெக்ட்டிலும் ரிப்போர்ட் டைப் செய்வதும் பிபிடி போடுவதும் உங்கள் தலையில் விழும். வேலைக்கான நேர்முகத்தில் “இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றால் விழிக்க வேண்டியதுதான்.

அதனால் முதல் வாரமே முறை வையுங்கள்: இந்த வாரம் நான் இணைப்பு கொடுக்கிறேன், நீ எழுது, அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். ஒத்துவரவில்லையா, லேப் பொறுப்பாசிரியரிடம் பேட்ச் மாற்றக் கேளுங்கள். முதல் தடவை கை நடுங்கும். ஃபியூஸ்கூடப் போகலாம். போகட்டும், லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மேசை டிராயரில் ஃபியூஸ் ஒயர் ஒரு சுருளே இருக்கும்.