இடக்கை எலெக்ட்ரான், வலக்கை எலெக்ட்ரான்

அன்புள்ள கயலுக்கு,

எல்லாவற்றுக்கும் நிறை தருவது ஹிக்ஸ் புலம்தான் என்று ஒரு வீடியோவில் பார்த்ததாகவும், உன் உடம்பின் நிறையும் அதிலிருந்துதான் வந்ததா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். பெரும்பகுதி அதிலிருந்து வரவில்லை. முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

உன் நிறை அநேகமாக முழுவதும் அணுக்கருக்களில், அதாவது புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் இருக்கிறது. ஒரு புரோட்டானின் நிறை 938 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். துகள் இயற்பியலில் நிறையையும் ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள். புரோட்டானுக்குள் இரண்டு அப் குவார்க்கும் ஒரு டவுன் குவார்க்கும் இருக்கின்றன. மூன்றின் நிறையையும் கூட்டிப் பார், ஏறத்தாழ 9 மில்லியன்தான் வரும். மீதியெல்லாம் ஆற்றல்: குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றல், அந்தச் சின்ன இடத்துக்குள் அடைபட்டு ஓடும் குவார்க்குகளின் ஆற்றல். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி அதுவே நிறையாகத் தெரிகிறது. 2008-இல் சூப்பர் கம்ப்யூட்டர்களில் இந்தக் கணக்கைப் போட்டு, சில சதவீத வித்தியாசத்துக்குள் புரோட்டானின் நிறையை வரவழைத்துக் காட்டினார்கள்.

ஹிக்ஸின் நேரடிப் பங்கு அந்த 9 மில்லியன்தான். அதற்காக அதைச் சிறிதென்று தள்ளிவிடாதே. எலெக்ட்ரானின் நிறை வெறும் 0.511 மில்லியன். அது பாதியாகக் குறைந்தால் அணு இருமடங்கு பெருத்துவிடும். பூஜ்யமானால் அணு என்றே ஒன்று கிடையாது. டவுன் குவார்க் அப் குவார்க்கைவிடக் கொஞ்சம் கனம். அதனால்தான் நியூட்ரான் புரோட்டானைவிட 1.3 மில்லியன் கூடுதல். இது தலைகீழாக இருந்திருந்தால் தனிப் புரோட்டான் நிலைத்திருக்காது. அப்புறம் ஹைட்ரஜன் ஏது, தண்ணீர் ஏது?

இனி, ஹிக்ஸ் இதை எப்படிச் செய்கிறது என்பது. ஹிக்ஸ் புலம் தேனைப் போன்றது, அதில் சிக்கித் துகள்கள் மெதுவாகின்றன என்று பலரும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை மறந்துவிடு. தேன், அதில் ஓடும் கரண்டியை நிறுத்திவிடும். ஹிக்ஸ் புலம் எதையும் நிறுத்துவதில்லை. வெட்டவெளியில் போகும் எலெக்ட்ரான் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும் எலெக்ட்ரானுக்கும் அதே நிறைதான்.

நிறையே இல்லாத எலெக்ட்ரானை நினைத்துப் பார். அது ஒளியின் வேகத்தில் ஓடும். அதன் தற்சுழற்சி, போகும் திசையோடு ஒத்திருந்தால் அதை வலக்கை எலெக்ட்ரான் என்பார்கள். எதிராக இருந்தால் இடக்கை. இரண்டும் தனித்தனி, ஒன்று மற்றொன்றாக மாறாது. நிறை என்பது இந்த இரண்டையும் பிணைப்பதுதான். பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு நிறை. நாம் பார்க்கும் எலெக்ட்ரான், இடக்கையும் வலக்கையும் மாறி மாறிக் கலந்த ஒன்று.

இங்கேதான் சிக்கல் வந்தது. பீட்டாச் சிதைவை நடத்தும் வலிமை குறைந்த விசை இடத்தையும் வலத்தையும் ஒன்றுபோல நடத்துவதில்லை என்பதை 1957-இல் சியென்-ஷியங் வூவின் கோபால்ட் சோதனை காட்டியது. அந்த விசைக்குரிய ஒருவகை மின்னூட்டம் இடக்கை எலெக்ட்ரானிடம் உண்டு, வலக்கையிடம் கிடையாது. மின்னூட்டம் திடீரென்று தோன்றவோ மறையவோ முடியாது. அப்படியிருக்க இடக்கை வலக்கையாக மாறுவது எப்படி? சமன்பாட்டில் நிறையை வெறுமனே எழுதிவைக்க வழியே இல்லாமல் போயிற்று.

அந்த வழியைத் திறந்தது ஹிக்ஸ் புலம். வெற்றிடம் என்று நாம் சொல்லும் இடமெங்கும் அது நிரம்பியிருக்கிறது, எங்கும் ஒரே மதிப்பில்: 246 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். அந்த மின்னூட்டம் அதற்கும் உண்டு. எலெக்ட்ரான் கை மாறும்போது குறைவதும் கூடுவதும் இந்தப் புலத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். டாப் குவார்க் என்ற துகள் புலத்தோடு வலுவாகப் பிணைந்திருக்கிறது, அதன் நிறை 173 ஜிகா. எலெக்ட்ரானின் பிணைப்பு அதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். ஏன் இந்த அளவுகள்? கொள்கையில் விடை இல்லை. அளந்து பார்த்துத்தான் போட்டுக்கொள்கிறோம்.

1964-இல் இந்த யோசனையை பிரஸ்ஸல்ஸில் பிரௌட்டும் எங்லேரும், எடின்பரோவில் பீட்டர் ஹிக்ஸும், லண்டனில் குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும் எழுதினார்கள். அப்போது அவர்கள் யோசித்தது எலெக்ட்ரானைப் பற்றியல்ல, விசையைச் சுமக்கும் துகள்களுக்கு நிறை வருவதைப் பற்றி. எலெக்ட்ரானுக்கும் அதைப் பொருத்தியவர் ஸ்டீவன் வைன்பர்க், 1967-இல். ஹிக்ஸின் இரண்டாவது கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பினார். இப்படியொரு புலம் இருந்தால் அதற்கென்று ஒரு துகளும் இருக்க வேண்டும் என்பது அந்தச் சேர்க்கையில்தான் இருந்தது! 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அந்தத் துகளை அறிவித்தது, நிறை 125 ஜிகா.

கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. நிறை ஹிக்ஸிலிருந்து வருகிறதென்றால், எந்தத் துகள் அதிகக் கனமோ அதனோடு ஹிக்ஸின் பிணைப்பும் அதே விகிதத்தில் கூட வேண்டும். டாப் குவார்க், பாட்டம் குவார்க், டௌ ஆகிய மூன்று துகள்களிலும் இது 2018-க்குள் உறுதியாயிற்று. மியூவான் என்ற துகளுக்கு 2020-இல் முதல் சான்று கிடைத்தது. எலெக்ட்ரானுக்கு இன்னும் இல்லை, அதன் பிணைப்பு அவ்வளவு நலிந்தது. உன் அணுக்களின் அளவைத் தீர்மானிக்கும் அந்த நிறை ஹிக்ஸிலிருந்து வருகிறது என்பதற்கு நேரடிச் சோதனை இனிமேல்தான்.

நியூட்ரினோ என்ற துகளின் கதை இன்னும் சிக்கல். அதற்கு நிறை உண்டு என்பதை 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே சோதனை காட்டிவிட்டது. ஆனால் இதுவரை பார்த்த நியூட்ரினோ எல்லாம் இடக்கை. நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் ஒரே துகளாக இருந்தால், வலக்கைத் துணை தனியாக இல்லாமலே நிறை வர இடமுண்டு. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஜெர்மானியம் படிகங்களை வைத்துத் தேடுவது இதற்கான அடையாளத்தைத்தான். அது ஒரு தனிவகை பீட்டாச் சிதைவு. உன் பிளஸ் டூ புத்தகத்தில் பீட்டாச் சிதைவுப் பகுதியைப் படித்துவிட்டு எழுது, அடுத்த கடிதத்தில் அதைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை