தொழிற்சாலைக்கு இன்னும் எத்தனை மணி நேரத் தண்ணீர் இருக்கிறது?



2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் வாழ்ந்தவர்கள் அந்த நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். குழாயைத் திறந்தால் காற்று மட்டுமே வந்தது. வாளிகளுடன் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். ரவாங் வட்டாரத்தில் ஓடும் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கலந்த கழிவு, சுங்கை சிலாங்கூர் ஆற்றுநீரைக் கெடுத்தது. நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளில் சுமார் 1.2 மில்லியன் பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

வீடுகளின் சிரமத்தை நாம் அறிவோம். ஆனால் அதே குழாயை நம்பித்தான் உணவகங்களும் சலவைக் கடைகளும் மீ தயாரிக்கும் சிறு தொழிற்சாலைகளும் கையுறை ஆலைகளும் இயங்குகின்றன. தண்ணீர் நின்றால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் ஓவர்டைம் போகும். நாள் கூலிக்கு வேலை செய்பவரின் அன்றைய வருமானமும் போகும். அந்த ஊழியர் உங்கள் அப்பாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம்.

ஆகவே ஒரு நிறுவனம் நீரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எங்களிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?' என்பதன்று. 'தண்ணீர் நின்றால் எங்களால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?' என்பதே. இதற்கு விடை சொல்லத் தரவு வேண்டும். அந்தத் தரவு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் படிப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

மழை நாட்டில் ஏன் நீர் இடர்?

மலேசியாவின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வளவு மழை பெய்தும் நீர் இடர் ஏன்? ஆண்டு மொத்தம் நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. மழை எப்போது பெய்தது, எந்த ஆற்றுப் படுகையில் பெய்தது, அந்த நீர் சுத்தமாக இருக்கிறதா என்பவையும் முக்கியம்.

நிறுவனங்கள் சந்திக்கும் நீர் இடரை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பற்றாக்குறை. 2014ஆம் ஆண்டு வறட்சியில் அணைக்கட்டுகளின் நீர்மட்டம் இறங்கியதால் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடந்தது.

இரண்டாவது, தரக்கேடு. ஆற்றில் நீர் நிறைய ஓடினாலும் பயன்படுத்த முடியாது. 2020இல் நடந்தது இதுதான்.

மூன்றாவது, மிகுதி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பு உட்படப் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட வெள்ள இழப்பை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் உற்பத்தித் துறையின் இழப்பு மட்டும் சுமார் 0.9 பில்லியன் ரிங்கிட்.

மெதுவாக வரும் ஆபத்து, விரைவாக வரும் ஆபத்து

இந்த மூன்றும் ஒரே வேகத்தில் வருவதில்லை. எனவே எல்லாவற்றையும் ஒரே கால இடைவெளியில் அளந்தால் போதாது.

பற்றாக்குறை மெதுவாக வரும். ஜொகூரில் உள்ள லிங்கியூ நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். இதிலிருந்து திறந்துவிடப்படும் நீர் ஜொகூர் ஆற்றில் கலக்கிறது. கடலின் உப்புநீர் ஆற்றுக்குள் மேலேறி வராமல் தடுக்கிறது. அதனால்தான் அந்த ஆற்றிலிருந்து குடிநீருக்காக நீர் எடுக்க முடிகிறது. 2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் சுமார் 80 விழுக்காடு நிரம்பியிருந்தது. 2016 அக்டோபரில் அது சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 மாதங்களில் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்துள்ளன. 60ஐ 21ஆல் வகுத்தால், மாதத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.9 புள்ளிகள். அதே வேகம் தொடர்ந்தால் மீதமுள்ள 20 விழுக்காடு எத்தனை மாதம் தாங்கும்? 20ஐ 2.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 மாதம். மழை வந்தால் இந்தக் கணக்கு மாறும். வெயில் கடுமையானாலும் மாறும். ஆனாலும் 20 என்ற எண்ணைத் தனியாகப் பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒரு செய்தி, வரைபடத்தின் சரிவைப் பார்ப்பவருக்குக் கிடைக்கிறது. திட்டமிட எவ்வளவு காலம் இருக்கிறது என்பதே அந்தச் செய்தி.

தரக்கேடும் வெள்ளமும் விரைவாக வரும். இங்கே மாதக் கணக்கு உதவாது. மணிக் கணக்கு வேண்டும். நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளம் ஆறுகளின் நீர்மட்டத்தை வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகக் காட்டுகிறது. ஆற்றோரத்தில் கிடங்கு வைத்திருப்பவர், நீர்மட்டம் விழிப்பு நிலையைத் தொடும்போதே கீழ்த்தளத்தில் உள்ள சரக்கை மேலே ஏற்றத் தொடங்கலாம். அபாய நிலை வரும் வரை காத்திருந்தால் லாரி உள்ளே வரவே பாதை இருக்காது.

ஆற்றுநீரின் துர்நாற்றத்தை அளக்கவும் ஒரு முறை உண்டு. மாதிரி நீருடன் மணமற்ற நீரைக் கலந்து நீர்த்துக்கொண்டே போவார்கள். 50 மில்லிலிட்டர் மாதிரியில் மணமற்ற நீரைச் சேர்த்து மொத்தம் 200 மில்லிலிட்டர் ஆக்கும்போது வாடை கடைசியாக மூக்குக்குத் தெரிகிறது என்றால், வாடை எண் 200 வகுத்தல் 50, அதாவது 4. எண் கூடக்கூட நாற்றம் கடுமை. மனித மூக்கின் அனுபவத்தையும் இப்படித் தரவாக்கலாம்.

இடர் வரைபடம் காட்டுவது என்ன?

பல நாடுகளில் ஆலைகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் உலக அளவிலான நீர் இடர் வரைபடங்களைப் பார்க்கின்றன. வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம் வெளியிடும் 'அக்குவெடக்ட்' அவற்றுள் ஒன்று. அதன் முக்கியக் குறியீடு ஓர் எளிய விகிதம்: ஓர் ஆற்றுப் படுகையில் மக்களுக்குத் தேவைப்படும் நீரை, அங்கே புதுப்பிக்கப்பட்டுக் கிடைக்கும் நீரால் வகுப்பது. விடை 40 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் நீர் நெருக்கடி அதிகம்; 80ஐத் தாண்டினால் மிக மிக அதிகம்.

புதிய ஆலையை எங்கே கட்டலாம் என்று தீர்மானிக்க இந்த வரைபடம் உதவும். ஆனால் நாளை காலை ஆற்றில் யார் கழிவைக் கொட்டுவார் என்பதை இந்த விகிதம் சொல்லாது. பெரிய வரைபடத்தோடு உள்ளூர்த் தரவும் வேண்டும். அவற்றுள் மிக நெருக்கமானது, ஆலையின் வாசலிலேயே இருக்கும் நீர் மீட்டர்.

சொந்த மீட்டரைப் படிப்போம்

ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அது உணவுப் பொருள் தயாரிக்கிறது. மாதத்துக்கு 3,000 கனமீட்டர் நீர் பயன்படுத்துகிறது. அதாவது நாளுக்கு 100 கனமீட்டர். அதன் சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவு 150 கனமீட்டர். குழாய் நின்றால் 150ஐ 100ஆல் வகுக்க 1.5 நாள், அதாவது 36 மணி நேரம் தாங்கும்.

மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணச் சீட்டு 3,000 என்று மட்டுமே சொல்லும். இப்போது அந்த ஆலை மணிக்கு ஒருமுறை பதிவு செய்யும் மீட்டரைப் பொருத்துகிறது என்போம். எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும் அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை 1.6 கனமீட்டர் நீர் ஓடியிருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் மணிக்கு 0.8 கனமீட்டர் எங்கே போனது?

அவசரப்பட்டு 'கசிவு' என்று முடிவு கட்டக்கூடாது. தொட்டி அந்த நேரத்தில் நிரம்பியிருக்கலாம். பனிக்கட்டி இயந்திரம் ஓடியிருக்கலாம். அவற்றின் அடைப்பிதழ்களை ஒவ்வொன்றாக மூடிச் சோதிக்க வேண்டும். எல்லாம் மூடிய பிறகும் மீட்டர் சுற்றினால், நிலத்தடிக் குழாயில் கசிவு இருக்கிறது என்பது உறுதி. கசிவு இரவில் மட்டும் இருப்பதில்லை. நாள் முழுவதும் ஒழுகும். 0.8ஐ 24ஆல் பெருக்கினால் நாளுக்கு 19.2 கனமீட்டர். வாங்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது!

கசிவை அடைத்த பிறகு நாள் பயன்பாடு 80.8 கனமீட்டர். அதே தொட்டி இப்போது 44 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

அடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கிளை மீட்டர் பொருத்துகிறார்கள். சமையல், இயந்திரச் சுத்தம், ஊழியர் கழிப்பறை ஆகிய தவிர்க்க முடியாத வேலைகளுக்கு 50 கனமீட்டர் போதும் எனத் தெரிகிறது. மீதி 30.8 கனமீட்டர் லாரி கழுவவும் முற்றம் கழுவவும் செடிகளுக்கும் போகிறது. நெருக்கடி நாளில் இவற்றை நிறுத்தலாம். 150ஐ 50ஆல் வகுத்தால் 3 நாள், அதாவது 72 மணி நேரம்.

தொட்டி ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை. ஆனால் 36 மணி நேரம் 72 ஆகிவிட்டது. அடி வாங்கினாலும் நிலைகுலையாமல் நின்று மீண்டும் இயங்கும் இந்தத் திறனைத்தான் மீள்திறன் என்கிறோம்.

இதன் அருமையைச் சிங்கப்பூர் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஆண்டுக்கு 60,000 கனமீட்டர் அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் நீர்ப் பயன்பாட்டை அளந்து, நீர்ச் சிக்கனத் திட்டத்தை ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி அங்கே 2015 முதல் நடப்பில் உள்ளது.

தரவு செயலாக வேண்டும்

எண்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் எவரும் தப்புவதில்லை. 'எந்த எண் வந்தால் யார் என்ன செய்வது' என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அணைக்கட்டு மட்டம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் லாரி கழுவுவதை நிறுத்துவது. நீர்த்தடை அறிவிப்பு வந்தவுடன் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று மேற்பார்வையாளர் சோதிப்பது. 24 மணி நேர நீர் மட்டுமே மீதமிருந்தால் ஒரு உற்பத்தி வரிசையை நிறுத்துவது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஓர் ஆலை வெளியேற்றும் நீர், ஆற்றின் கீழ்ப்புறத்தில் இன்னொருவர் எடுக்கும் நீர். உள்ளே வரும் நீரை மணிக்கணக்கில் அளந்துவிட்டு, வெளியே போகும் நீரை அளக்காமல் விட்டால் அந்தக் கணக்கில் பாதி இல்லை. 72 மணி நேரம் தாங்கும் தொட்டி வைத்திருக்கும் ஆலையும், ஆறு ஒரு வாரம் கெட்டுக் கிடந்தால் நின்றுதான் போகும். ஆற்றைக் காப்பது அந்த ஆலைக்கும் ஆதாயம்தான்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் எல்லாரும் தூங்கப் போகும்முன் நீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும்முன் மீண்டும் குறியுங்கள். நேரத்தையும் எழுதுங்கள்.

2. இரு எண்களின் வேறுபாட்டை மணி நேரத்தால் வகுங்கள். விடை சுழியமாக இல்லாவிட்டால், கழிப்பறைத் தொட்டியில் சில துளி உணவுச் சாயம் விட்டு, 15 நிமிடம் நீரைத் திறந்துவிடாமல் காத்திருங்கள். கீழே உள்ள நீரில் நிறம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.

3. ஏழு நாள் மீட்டர் எண்ணைக் குறித்து, நாள் சராசரியைக் காணுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியின் கொள்ளளவை அதனால் வகுங்கள். தண்ணீர் நின்றால் உங்கள் வீடு எத்தனை மணி நேரம் தாங்கும்?

கிடைத்த விடையை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். உங்கள் பெற்றோர் கடையோ பட்டறையோ நடத்துபவராக இருந்தால், அங்கேயும் ஒருமுறை மீட்டரைப் படித்துப் பாருங்கள். அடுத்த நீர்த்தடை அறிவிப்பு வரும்போது அந்த எண் அவர்கள் கையில் இருக்கும்.