ஐயாயிரம் கிலோ தங்கமும் ஆப்பிரிக்கக் கேழ்வரகும்

“1965-இல் நாட்டின் பாதுகாப்புக்காக 5,000 கிலோ தங்கத்தை அள்ளிக் கொடுத்த மன்னர் யார்?” ஹைதராபாத் பக்கம் குடியிருக்கும் எவருடைய வாட்ஸ்அப்புக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். பட்டான்செரு, ராமச்சந்திராபுரம், பீரம்குடா வட்டாரத்தில் இருக்கும் எங்கள் நண்பர்கள் குழுவிலும் அடிக்கடி தலைகாட்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பொது அறிவுக் கேள்விகளைப் பரிமாறிக்கொள்வது இங்குள்ள தமிழர்கள் பலருக்குப் பழக்கம். மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கேட்பார், பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற சார் பதில் போடுவார். ஊரில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளும் குழுவில் உண்டு. கூகுள் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

அருமையான பழக்கம். நாலு பேர் சேர்ந்து மூளைக்கு வேலை கொடுப்பதைப் போல நல்ல பொழுதுபோக்கு கிடையாது. ஆனால் சரியான பதில் மனதில் பதியும் அதே வேகத்தில் தவறான பதிலும் பதிந்துவிடுகிறது. படிக்கிற பிள்ளைகள் அதைத் தேர்வு அறை வரைக்கும் எடுத்துப் போகிறார்கள். அதனால் இந்த முறை நம் குழுக்களில் சுற்றும் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: நிஜாம் 5,000 கிலோ தங்கத்தை நன்கொடையாகக் கொடுத்தார்.

கொடுத்தது 425 கிலோ. அதுவும் நன்கொடை அல்ல, வட்டியோடு கூடிய முதலீடு.

1965-இல் பாகிஸ்தானுடன் போர் நடந்த சூழலில் மத்திய அரசு தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரங்களை வெளியிட்டது. தங்கத்தைக் கொடுத்துப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம், வட்டி 6.5 சதவீதம். ஹைதராபாதின் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அந்தத் திட்டத்தில் 4.25 லட்சம் கிராம் தங்கத்தைப் போட்டார். ஹைதராபாத் வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதற்காக அவரைப் பாராட்டியதை அந்த ஆண்டு டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் செய்தியாக வெளியிட்டது. பல ஆண்டுகள் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டபோது, அப்படியொரு நன்கொடை பற்றிய விவரம் எதுவும் இல்லை என்று பிரதமர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

கிராமில் இருந்த கணக்கு கிலோவுக்கு மாறி, முதலீடு நன்கொடையாகி, கடைசியில் இரும்புப் பெட்டிகளை மட்டும் திருப்பி அனுப்பச் சொன்னார் என்ற கிளைக்கதையும் ஒட்டிக்கொண்டது. நிஜாமைப் பாராட்ட இந்தக் கதை தேவையே இல்லை. 1918-இல் தொடங்கி உருது மொழியில் உயர்கல்வி தந்த உஸ்மானியா பல்கலைக்கழகமும், மஞ்சீரா ஆற்றின் குறுக்கே கட்டிய நிஜாம்சாகர் அணையும் அவர் காலத்தில் வந்தவை. அவற்றைப் பற்றிக் கேட்கலாமே.

நம்பிக்கை: சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும் நம் மண்ணில் பிறந்த பயிர்கள்.

இந்தக் கேள்விக்கான விடை பட்டான்செருவிலேயே இருக்கிறது. மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இக்ரிசாட் வளாகம் 1972-இல் உருவான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம். மழை குறைந்த வெப்பமண்டல நாடுகளின் பயிர்களுக்காகவே தொடங்கப்பட்டது. செம்மண்ணும் கரிசலும் ஒரே வளாகத்துக்குள் கிடைப்பது இந்த இடத்தின் சிறப்பு. ஒரு பக்கம் மழைத் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும் செம்மண் வயல். இன்னொரு பக்கம் மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வந்து, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் வயல். வறண்ட நிலத்து விவசாயி எந்த மண்ணில் பாடுபட்டாலும் அதே மண்ணில் ரகத்தைச் சோதித்துப் பார்க்க முடியும்.

இங்குள்ள மரபணு வங்கியில் 1,20,000-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. அடிக்கடி ஆராய்ச்சிக்கு எடுப்பவை 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும், நெடுங்காலம் காக்க வேண்டியவை மைனஸ் 20 டிகிரியிலும் வைக்கப்படுகின்றன. சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று உலகின் பல நாடுகளிலிருந்து சேர்த்த விதைகள் அவை. ஒரு பயிரின் பழைய உறவுகள் எங்கே காட்டுச் செடியாக வளர்கின்றன, எங்கே வகைகள் அதிகம், அகழாய்வில் எங்கே பழைய தானியம் கிடைத்தது என்பதை வைத்துத்தான் அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தக் கணக்கின்படி மூன்றுமே ஆப்பிரிக்காவில் பிறந்தவை. சோளத்தை முதலில் பயிராக்கியவர்கள் சூடான் பகுதி மக்கள். கம்பு, சகாராவின் தெற்கு விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம் பயிரானது. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. சோளமும் கம்பும் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. தினையும் பனிவரகும் வட சீனத்தில் பயிராக்கப்பட்டவை. அப்படியானால் நம்முடையது எது? சாமை, வரகு, குதிரைவாலி. இவை இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டவை.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது இந்தக் கேள்வி பெருவெள்ளமாக வந்தது. முன்மொழிந்தது இந்தியா என்பதால், சிறுதானியம் எல்லாம் இங்கே பிறந்ததுதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்தது என்றால் நம்முடையது இல்லையா என்று ஒரு நண்பர் வருத்தத்தோடு கேட்டார். அப்படி அர்த்தமில்லை. நாலாயிரம் ஆண்டுகள் நம் விவசாயிகள் நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி, மறு விதைப்புக்கு எடுத்து வைத்துத்தான் இன்றைய கம்பும் சோளமும் வந்தன. கம்பு விளைச்சலில் உலகிலேயே இந்தியாதான் முதலிடம். சொந்தமாக்கியது நம் உழைப்பு. பிறந்த இடம் ஆப்பிரிக்கா. இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இக்ரிசாட்டை நிறுவியவர் எம்.எஸ்.சுவாமிநாதன் என்று ஒரு கேள்வித்தாள் சுற்றுகிறது. கும்பகோணத்தில் பிறந்த அந்தப் பெரியவர் மீது நமக்கெல்லாம் பாசம் உண்டு. ஆனால் அவர் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்தது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில். இக்ரிசாட்டின் முதல் இயக்குநர் ரால்ஃப் கம்மிங்ஸ். நோபல் பரிசு பெற்ற வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதன் என்பதும் பிழை. 1970-இல் அமைதிக்கான நோபல் பெற்றவர் நார்மன் போர்லாக். சுவாமிநாதன் பெற்றது 1987-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட உலக உணவுப் பரிசு.

நம்பிக்கை: இக்ரிசாட் இருப்பது ஆந்திரப் பிரதேசத்தில், மேடக் மாவட்டத்தில்.

ஒரு காலத்தில் இதுதான் சரியான விடை. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. 2016 அக்டோபர் 11 அன்று மாவட்டங்களைப் பிரித்தபோது பட்டான்செரு சங்காரெட்டி மாவட்டத்துக்குப் போனது. ஊர் நகரவில்லை, அதே ஏரி, அதே நெடுஞ்சாலை. விடை மட்டும் மாறிவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களைப் பார்த்துக் கேள்வி தயாரிப்பவர்கள் இன்னும் மாறவில்லை.

கெட்டுப்போகும் விடைகள் இப்படி நிறைய. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2019, 2020 பிரிப்புகளுக்குப் பிறகு 38. செம்மொழி எத்தனை என்றால் ஆறு என்பார்கள். 2004-இல் தமிழில் தொடங்கிய அந்தப் பட்டியலில் 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஐந்தும் சேர்ந்து இப்போது பதினொன்று. கேள்வியிலேயே ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் சரியாகச் சொன்னவரும் தவறு என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்பிக்கை: மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ராஸ்.

கிருமியை 1880-இல் அல்ஜீரியாவில், நோயாளியின் ரத்தத்தில் முதலில் பார்த்தவர் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான். ராஸ் கண்டது வேறு. நம் செகந்திராபாதில், பேகம்பேட்டைப் பக்கம், 1897 ஆகஸ்ட் 20 அன்று, மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமி வளர்வதைக் கண்டார். உசேன் கான் என்ற நோயாளி, தன்னைக் கடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தார். பொது அறிவுப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கொசுக்கடி மூலமாகவே நோய் பரவுகிறது என்பதை ராஸ் நிறுவினார். மனிதர்களிடம் அதை நிறுவியவர்கள் இத்தாலிய விஞ்ஞானிகள். ராஸுக்கு 1902-இலும் லாவெரானுக்கு 1907-இலும் நோபல் கிடைத்தது. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக இருப்பதற்குக் காரணம் நம் ஊரில் நடந்த அந்தக் கண்டுபிடிப்புதான்.

நம்பிக்கை: கோல்கொண்டாவில் வைரச் சுரங்கம் இருந்தது.

கோட்டைக்குப் போய்ச் சுரங்கத்தைத் தேடுபவர்களை இன்றும் பார்க்கலாம். அங்கே சுரங்கம் இருந்ததில்லை. வைரத்தைத் தீட்டுவதும் விற்பதும்தான் நடந்தன. சுரங்கங்கள் கிருஷ்ணா ஆற்றங்கரை வட்டாரத்தில் இருந்தன. அவற்றில் பெரும்புகழ் பெற்றது கொல்லூர், இன்றைய ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கோல்கொண்டாவிலிருந்து ஏழு நாள் பயணம் என்றும், ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்தார்கள் என்றும் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதியிருக்கிறார். பட்டான்செருவுக்குப் பக்கத்தில், வெளிவட்டச் சாலையை ஒட்டியும் ஒரு கொல்லூர் இருக்கிறது. கோஹினூர் வைரம் இங்கேதான் கிடைத்தது என்று அந்த ஊரைக் காட்டுகிறவர்கள் உண்டு. வைரக் கொல்லூர் அதுவல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹாக்கி நம் தேசிய விளையாட்டு அல்ல. எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012-இல் மத்திய விளையாட்டு அமைச்சகமே ஒரு பள்ளிச் சிறுமியின் கேள்விக்குப் பதில் அளித்தது. இந்தி தேசிய மொழி அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு அதை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்றுதான் சொல்கிறது, எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று 2003-இல் விண்ணுக்குப் போய்வந்த சீன வீரர் யாங் லிவெய்யே சொல்லிவிட்டார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதை மட்டும் தமிழர்களாகிய நாம் நிறுத்தியே ஆக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த முற்றத்தில் போய் நின்றால் நிழல் நீளமாகக் கிடப்பதைக் குழந்தைகூடக் காட்டும். கோடை உச்சிவெயிலில் மட்டும் அது அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லும் அல்ல, பல துண்டுகளை இணைத்துச் செய்தது. 1010-இல் இத்தனை உயரத்துக்குக் கல்லை ஏற்றி, துண்டுகளை இசைவாகப் பொருத்திய தச்சர்களின் திறமையை நிழல் கதை மறைத்துவிடுகிறது.

நண்பர்களே, இன்று ராத்திரியும் கேள்வி கேளுங்கள். கேள்வியோடு ஆண்டையும், எங்கே படித்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பதில் சந்தேகமாக இருந்தால், விளையாட்டு முடிந்த பிறகாவது யாராவது ஒருவர் தேடிப் பார்த்துக் குழுவில் எழுதுங்கள். தொடக்கத்துக்கு நான் ஒன்று தருகிறேன்: நம் சாம்பாருக்குப் போடும் துவரையின் பிறப்பிடம் எது, அதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்ட ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய பட்டான்செரு நிறுவனம் எது, எந்த ஆண்டு? விடை: இந்தியா, பட்டான்செரு இக்ரிசாட், 2011.