இணையக் கடையில் பொருளை விவரித்தல்: விற்போரும் வாங்குவோரும் அறிய வேண்டியவை

துணிக்கடையில் சேலை பார்ப்பவர் அதன் தலைப்பை விரித்து, சரிகையைப் புரட்டி, துணியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார். எடையைக் கை அறிந்துகொள்கிறது. நிறத்தைக் கடை வாசலின் வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். ஐயம் எஞ்சினால் கடைக்காரரிடமே கேட்டுத் தெளியலாம். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றில் எதற்கும் வழியில்லை. விற்பவர் எழுதிய சில வரிகளையும் எடுத்த சில படங்களையும் நம்பியே அவர் பணம் செலுத்துகிறார். ஆகவேதான் ஆஸ்திரேலியச் சட்டம் அந்த வரிகளையும் படங்களையும் வெறும் விளம்பரமாகக் கருதாமல், விற்பவர் அளித்த வாக்காகவே கருதுகிறது.

செவன் ஹில்ஸ், டூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளில் வீட்டிலிருந்தே சேலை, நகை, மசாலாத் தூள், பலகாரம் முதலியவற்றை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. “இது கடையல்ல, தெரிந்தவர்களுக்குள் செய்வது” என்று கருதுவோர் அவர்களுள் உளர். பெயர்ப்பலகை இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. வணிக நோக்குடன் தொடர்ந்து விற்பனை நடக்கிறதா என்றே பார்க்கிறது. பழைய தொட்டிலை ஒருமுறை விற்பது வேறு. மாதந்தோறும் இந்தியாவிலிருந்து சேலை தருவித்து விற்பது வேறு. பின்னது வாட்ஸ்அப்பில் நடந்தாலும் வணிகமே.

சட்டம் சொல்வது

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவு, வணிகத்தில் பிறரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கும் நடத்தையைத் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு, பொருளின் தரம், வகை, விலை, தோற்ற இடம் ஆகியவை குறித்த பொய்க் கூற்றுகளைத் தனித்தனியே எடுத்துச் சொல்லித் தடுக்கிறது. இணைய விற்பனைக்கு மிக நெருக்கமானது 56ஆம் பிரிவு: விவரணத்தின் பேரில் விற்கப்படும் பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இந்த உத்தரவாதத்தை விற்பவர் எந்த நிபந்தனையாலும் விலக்கிவிட முடியாது. “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது” என்று பக்கத்தின் அடியில் எழுதி வைப்பது பயனற்றது மட்டுமன்று, அவ்வாறு எழுதுவதே சட்டமீறலாகலாம். அதேவேளை, வாங்கியவர் வெறுமனே மனம் மாறிவிட்டார் என்பதற்காகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கடமை விற்பவருக்கு இல்லை. இவ்விரண்டும் வேறுபட்டவை என்பதை இரு தரப்பினருமே பல நேரங்களில் மறந்துவிடுகின்றனர்.

ஒரு கூற்று தவறான எண்ணம் தருகிறதா என்பதை நீதிமன்றம் எவ்வாறு அளக்கிறது? எழுதியவரின் நோக்கத்தை அது முதன்மையாகக் கொள்வதில்லை. அக்கூற்று யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுள் சாதாரண, நியாயமான ஒருவர் முழுப் பக்கத்தையும் பார்த்து என்ன எண்ணுவார் என்பதே அளவுகோல். எனவே நல்லெண்ணத்துடன் எழுதிய வரியும் சட்டத்தை மீறக்கூடும்.

தமிழருக்கு ஒரு பொருள், பிறருக்கு வேறு பொருள்

இந்த அளவுகோலால் தமிழ் விற்பனையாளருக்கு ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. “ஒரு கிராம் தங்கம்” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மெல்லிய தங்க முலாம் பூசிய நகைக்கு அது வணிகப் பெயர் என்பது நம்மவரில் பெரும்பாலோர்க்குத் தெரியும். அதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பொதுச் சந்தைப் பக்கத்தில் இட்டால், பிளாக்டவுனில் வாழும் வேறு மொழியினர் அந்தச் சங்கிலியில் ஒரு கிராம் தங்கம் உள்ளதென்றே படிப்பார். அது அவர் தவறன்று. “தங்க முலாம் பூசியது, உட்புறம் செம்பு” என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. இங்கே பிள்ளைகளாக வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்கும் அந்த வணிகப் பெயர் தெரியாமல் இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டு இதைவிடச் சிக்கலானது. “ஆர்ட் சில்க்” என்பதில் பட்டே இல்லை. அது செயற்கை இழை. “செமி சில்க்” என்பதற்கு உறுதியான அளவு எதுவும் இல்லை. விற்பவருக்கு விற்பவர் பொருள் மாறும். “காஞ்சிபுரம் பட்டு” என்பதோ இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அது ஓர் ஊரையும் ஒரு நெசவு மரபையும் குறிக்கிறது. வேறிடத்தில் விசைத்தறியில் நெய்து, அதே போன்ற கரையும் தலைப்பும் கொண்ட சேலையைக் “காஞ்சிபுரம் பட்டு” என்று விற்பது, வகை குறித்தும் தோற்ற இடம் குறித்தும் சொல்லப்படும் பொய்க் கூற்றாகிவிடும். தூய பட்டு என்பதற்குச் சான்றாக இந்திய மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வழங்கப்படும் சில்க் மார்க் குறிச்சீட்டு சேலையில் இருந்தால், அதைப் படமெடுத்து இடலாம். இல்லையெனில் இழை எதுவென்பதை உள்ளவாறு எழுதுவதே பாதுகாப்பு.

இரு விவரணங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் பயிற்சிக்காக இங்கே எழுதப்பட்டவை.

முதலாவது: “ஒரிஜினல் காஞ்சிபுரம் பட்டு! மயில்கழுத்து நிறம். கண்ணைக் கவரும் அழகு. குறைந்த எண்ணிக்கையே உள்ளது. விலைக்கு இன்பாக்ஸ்.”

இரண்டாவது: “காஞ்சிபுரம் பாணியில் விசைத்தறியில் நெய்த சேலை. பட்டும் செயற்கை இழையும் கலந்தது. சரிகை செப்பு இழையால் ஆனது; வெள்ளிச் சரிகை அன்று. நீளம் 5.5 மீற்றர், அதனுடன் 80 சென்டிமீற்றர் ரவிக்கைத் துணி, தைக்கப்படாதது. எடை 620 கிராம். நீலப் பாவும் பச்சை ஊடையும் கொண்டதால் அசையும்போது நிறம் மாறித் தோன்றும்; காணொளியைப் பார்க்கவும். உட்புறத்தில் ஓரிடத்தில் இழை முடிச்சு உள்ளது. நான்காம் படம் அதைக் காட்டுகிறது. விலை 140 டொலர். சிட்னிக்குள் அஞ்சல் செலவு 12 டொலர். செவன் ஹில்ஸில் நேரில் பெற்றுக்கொண்டால் அஞ்சல் செலவு இல்லை.”

இரண்டாவதில் ஓர் அழகுச் சொல்லும் இல்லை. ஆயினும் துணிக்கடையில் கை அறிந்துகொள்ளும் எடையும், கண் தேடிப்பிடிக்கும் குறையும் அதில் இருக்கின்றன. குறையைக் கூறினால் வாங்கமாட்டார்களே என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் வாங்குமுன்னரே தெளிவாகச் சுட்டிக்காட்டிய குறைக்காகப் பின்னர் பொருளைத் திருப்பிக் கேட்க இடமில்லை. மறைத்த குறைக்காகக் கேட்கலாம். வெளிப்படையாக எழுதுவது விற்பவரையே காக்கிறது. “விலைக்கு இன்பாக்ஸ்” என்னும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வாங்க வந்தவரைக் களைப்படையச் செய்வதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, மாம்பழ நிறம் ஆகிய பெயர்கள் அழகானவை. அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக உள்ள துணியை ஒற்றைப் படம் காட்டவே காட்டாது. பகல் வெளிச்சத்தில், நிறத்தை மாற்றும் வடிகட்டி எதுவுமின்றி, மடித்தும் விரித்தும் எடுத்த படங்களும் பத்து வினாடிக் காணொளியும் போதும். வேறொரு கடையின் படத்தை எடுத்து இடுவது அறவே கூடாது. படமும் கூற்றே. நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த பெப்பேஸ் டக்ஸ் நிறுவனம், கொட்டகைக்குள் வளர்த்த வாத்துகளின் இறைச்சியைத் திறந்தவெளியில் வாத்து நிற்கும் படத்துடன் விற்றதற்காக 2012இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது.

ஆயத்த ஆடைக்கு “எல்”, “எக்ஸ்எல்” என்று மட்டும் எழுதுவது போதாது. இந்திய அளவுகளும் இங்குள்ள 10, 12, 14 என்னும் அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மார்புச் சுற்றளவையும் நீளத்தையும் சென்டிமீற்றரில் தருக.

விலை

2018 ஜூன் மாத இறுதியில், கோகன் என்னும் மெல்பேர்ன் இணைய வணிக நிறுவனம் நிதியாண்டு முடிவையொட்டி 10 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. அதற்குச் சற்றுமுன்னரே 621 பொருட்களின் விலையை, பெரும்பாலானவற்றில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு, அது உயர்த்தியிருந்தது. 100 டொலர் பொருளை 111 ஆக்கி, அதிலிருந்து 10 விழுக்காடு கழித்தால் 99.90 வருகிறது, வாங்கியவருக்குக் கிடைத்தது பத்துக் காசு. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், இது தவறான எண்ணம் தரும் கூற்று என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்து 350,000 டொலர் தண்டம் விதித்தது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் “பாதி விலை” என்று எழுதுவோர், முன்னைய விலையில் அப்பொருள் உண்மையிலேயே நியாயமான காலத்துக்கு விற்பனைக்கு இருந்ததா என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலையைக் குறிப்பிட்டால் வரி முதலிய கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். அஞ்சல் செலவை அதில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச அஞ்சல் செலவு தெரிந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும்.

உணவுப் பொருட்கள்

சேலையில் பிழை நேர்ந்தால் பணம் போகும். உணவில் நேர்ந்தால் உயிரே போகலாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அதைச் சேர்த்து அரைத்த சாம்பார்த் தூளைக் “கோதுமை இல்லாதது” என்று விற்பவர் அறியாமலே ஒருவரை நோயாளியாக்கக்கூடும். இட்லிப் பொடியில் எள் உண்டு. அதில் எள்ளே சேர்க்காவிட்டாலும் நல்லெண்ணெயில் வறுத்திருந்தால் எள் உண்டு. மைசூர்பாகின் நெய் பால் பொருளே. மிக்சரில் முந்திரியும் நிலக்கடலையும் இருக்கும். இவ்விரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

ஒவ்வாமை அறிவிப்புக்கான புதிய விதிகள் 2024 பெப்ரவரி 25 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி, பொதிச்சீட்டின் சேர்பொருள் பட்டியலில் ஒவ்வாமைப் பொருட்கள் எளிய பெயரில், தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலுக்கு அருகே “இதில் அடங்கியவை” என்று தொடங்கும் சுருக்க வரியும் வேண்டும். சீட்டு ஆங்கிலத்தில் இருப்பது கட்டாயம். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதே தகவலை இணையப் பக்கத்திலும் இடுவது நன்று, ஏனெனில் பொதி கைக்கு வரும்போது பணம் செலுத்தியாகிவிடுகிறது. வீட்டில் சமைத்து விற்பவர் தொடங்குமுன்னரே தம் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். செவன் ஹில்ஸின் பெரும்பகுதி பிளாக்டவுன் நகரசபையைச் சேர்ந்தது. ஒரு பகுதி பரமட்டாவைச் சேர்ந்தது. வீட்டுவரிப் பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஒரு தூளோ தைலமோ நீரிழிவைக் குணமாக்கும், மூட்டு நோவைப் போக்கும் என்று எழுதிய கணமே அது மருந்துப் பொருட்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். பாட்டி காலத்து வழக்கம் என்பது அங்கே விடையாகாது.

வாங்குவோருக்கு

வாங்கும் நாளிலேயே பொருளின் பக்கத்தைத் திரைப்படமாகப் பிடித்து வைத்துக்கொள்க. விவரணத்தைப் பின்னர் திருத்திவிடுவது எளிது. பற்றுச்சீட்டையும், விற்பவருடன் பரிமாறிய செய்திகளையும் அழிக்காதீர்கள். பொருள் விவரணத்திலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்றுப் பொருள் பெறுவதா என்பதைத் தெரிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. முதலில் விற்பவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும். தீராவிடில் ஃபெயார் டிரேடிங் எனப்படும் நியூ சவுத் வேல்ஸ் நியாய வணிகத் துறையை 13 32 20 என்னும் இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்யலாம். விற்பவர்களும் தம் ஐயங்களை அதே இலக்கத்தில் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்னும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, “தமிழ்” என்று கூறி, இணைக்க வேண்டிய அலுவலகத்தின் பெயரையும் இலக்கத்தையும் சொன்னால் போதும். அச்சேவை இரவும் பகலும் இயங்குகிறது.